அனைவர்க்கும் ஆன இன்பம்

நுழையும்முன்

இறைநம்பிக்கை உடையவர் தம் உயர்வுக்காக வழிபடுகிறாரா, பிறர் துயர் தீர்வதற்காகவும் வழிபடுகிறாரா? தமக்குக் கிடைத்த பேற்றைத் தம்மிடமே வைத்துக்கொள்வது இன்பமா, எல்லார்க்கும் வழங்குவது இன்பமா? ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் திருவரங்கத்தில் வாழ்ந்த ஒருவரின் வாழ்க்கையே இவ்வினாக்களுக்கு விடையாக அமைந்தது. நம்பிக்கை, தொண்டு, மகிழ்ச்சி ஆகிய மூன்றையும் பிரிக்காமல் வாழ்ந்த இராமானுசரின் வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இரண்டு ஆறுகளுக்கு இடையே

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடக்கே நோக்கினால் காவிரி தெரியும். அதற்கப்பால் தென்னந்தோப்புகளுக்கு நடுவே திருவரங்கத்தின் கோபுரங்கள் எழுந்து நிற்கும். அவற்றுக்கும் அப்பால் கொள்ளிடம் ஓடுகிறது. முக்கொம்பில் இரண்டாகப் பிரியும் ஆறு தன் இரு கைகளாலும் அணைத்துக்கொண்ட தீவே திருவரங்கம். நகரின் மேற்குப் பகுதியாக இன்று விளங்கும் உறையூர், முற்காலச் சோழரின் தலைநகரமாக இருந்த ஊர். பாணர் குலத்தில் தோன்றிய திருப்பாணாழ்வாரின் ஊரும் அதுவே. கோயிலுக்குள் செல்லத் தயங்கிக் காவிரிக்கரையில் நின்று பாடிய அவரை, உலோகசாரங்கர் என்னும் அர்ச்சகர் தம் தோளில் சுமந்து அரங்கன் திருமுன் சேர்த்தார் என்பது வைணவ மரபு போற்றும் செய்தி.

உறையூருக்கும் திருவரங்கத்துக்கும் இடையில் ஓடுவது ஓர் ஆறுதான். ஆனால் அக்காலச் சமூகத்தில் மனிதருக்கும் மனிதருக்கும் இடையே இருந்த தொலைவு ஆற்றின் அகலத்தைவிடப் பெரிது. அத்தொலைவைக் குறைப்பதைத் தம் சமயப்பணியின் பகுதியாகவே கொண்டவர் இராமானுசர்.

கற்ற இடத்தில் எழுந்த ஐயம்

இராமானுசர் பொ.ஆ. 1017ஆம் ஆண்டு, சித்திரைத் திங்கள் திருவாதிரை நாளில், திருப்பெரும்புதூரில் பிறந்தார் என்பது மரபு. தந்தையார் கேசவ சோமயாசி, தாயார் காந்திமதி. இளமையில் அவருக்கு இடப்பட்ட பெயர் இளையாழ்வார். தந்தை மறைந்தபின் குடும்பத்துடன் காஞ்சிபுரத்துக்குக் குடிபெயர்ந்து, யாதவப்பிரகாசர் என்னும் பேரறிஞரிடம் வேதாந்தம் பயின்றார்.

ஒருநாள் ஆசிரியருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது, உபநிடதத் தொடர் ஒன்றுக்கு ஆசிரியர் கூறிய விளக்கத்தைக் கேட்டு மாணவரின் கண்கள் கலங்கின. இறைவனின் கண்ணழகைச் சொல்லும் இடத்தில் பொருந்தாத இழிந்த உவமை ஒன்று ஆளப்பட்டதே அவர் வருத்தத்துக்குக் காரணம். அதே தொடருக்குக் கதிரவனைக் கண்டு மலரும் தாமரையை உவமையாகக் கொண்டு இராமானுசர் வேறொரு பொருள் உரைத்தார். ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே விரிசல் தோன்றியது. பின்னாளில் யாதவப்பிரகாசரே இராமானுசருக்குச் சீடரானார் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. கற்ற கல்வியைத் தம் அறிவாலும் மனச்சான்றாலும் உரசிப் பார்க்கும் இயல்பு இளமையிலேயே அவரிடம் இருந்தது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

பசியும் தண்ணீரும்

காஞ்சியில் இராமானுசர் மனம் பெரிதும் நாடியது திருக்கச்சி நம்பி என்பவரை. பூவிருந்தவல்லியைச் சேர்ந்த அவர், வரதராசப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் தொண்டு செய்துவந்தார். பிறப்பால் அந்தணர் அல்லர். எனினும் அவரையே தம் வழிகாட்டியாகக் கொள்ள விரும்பினார் இராமானுசர். அவரைத் தம் இல்லத்துக்கு உணவுண்ண அழைத்து, அவர் உண்டபின் எஞ்சியதைத் தாம் உண்ணவேண்டும் என்று எண்ணியிருந்தார்.

நம்பி வந்தபோது இராமானுசர் வீட்டில் இல்லை. அவருடைய மனைவியார் தஞ்சமாம்பாள் விருந்தினருக்கு உணவு படைத்தார். நம்பி சென்றதும் இலையை அப்புறப்படுத்தி, இடத்தைத் தூய்மை செய்து, தாமும் நீராடி, கணவருக்குப் புதிதாகச் சமைத்தார். அக்காலக் குடும்பங்களில் ஊறிப்போயிருந்த வழக்கத்தையே அவர் பின்பற்றினார். இராமானுசருக்கோ அது தாங்கமுடியாத துயரமாயிற்று. பிறிதொரு நாள் பசியோடு வந்த ஒருவருக்கு உணவில்லை என்று சொல்லப்பட்டதையும், வீட்டில் உணவு இருந்ததையும் அவர் அறிந்தார். மற்றொரு நாள், கிணற்றடியில் இரண்டு குடங்களின் நீர் கலந்ததன் பொருட்டுத் தம் ஆசிரியர் பெரிய நம்பியின் மனைவியாரிடம் தஞ்சமாம்பாள் கடுஞ்சொல் கூறினார். பெரிய நம்பி எவரிடமும் சொல்லாமல் காஞ்சியை விட்டுப் புறப்பட்டார்.

இம்மூன்று நிகழ்ச்சிகளுக்குப் பிறகு இராமானுசர் துறவு மேற்கொண்டார். இவ்வரலாற்றை எழுதியோர் அனைவரும் அவருடைய சீடர் வழியில் வந்தவர்கள். தனித்து விடப்பட்ட அம்மையாரின் மனத்துயரை அவர்கள் எழுதவில்லை. ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. இராமானுசரை இல்லத்திலிருந்து வெளியேற்றியது உலகின்மீது கொண்ட வெறுப்பன்று. பசித்தவருக்கு மூடிய கதவும், தண்ணீரிலும் தீட்டுக் காணும் வழக்கமுமே அவரை வெளியேற்றின.

மடங்கிய மூன்று விரல்கள்

துறவுக்கு முன்பே திருவரங்கம் அவரை ஒருமுறை அழைத்திருந்தது. வைணவத்தின் தலைமை ஆசிரியராகத் திருவரங்கத்தில் வாழ்ந்த ஆளவந்தார், தமக்குப்பின் இப்பணியை ஏற்கத்தக்கவர் இராமானுசரே எனக் கருதி, அவரை அழைத்துவரப் பெரிய நம்பியைக் காஞ்சிக்கு அனுப்பினார். இருவரும் விரைந்து வந்தனர். ஆனால் அவர்கள் வந்துசேர்ந்தபோது ஆளவந்தாரின் உடல் ஆற்றங்கரையில் இறுதிச்சடங்குக்காக வைக்கப்பட்டிருந்தது.

அவ்வுடலில் மூன்று விரல்கள் மடங்கியிருந்ததை இராமானுசர் கண்டார். அவை அவருடைய நிறைவேறாத மூன்று விருப்பங்கள் என்பதை உணர்ந்தார். பிரம்ம சூத்திரத்துக்கு உரை எழுதுதல், வியாசர், பராசரர் ஆகியோரின் நன்றிக்கடனை அவர்தம் பெயர் நிலைக்கச் செய்து தீர்த்தல், நம்மாழ்வாரின் தமிழ்மறையைப் பரப்புதல் ஆகியவற்றைத் தாம் நிறைவேற்றுவதாக ஒவ்வொன்றாக உறுதி கூறியபோது, விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன என்பர். பார்க்க விரும்பியவரை உயிரோடு பார்க்கமுடியாத துயரத்தால் அரங்கனை வணங்காமலே அவர் காஞ்சிக்குத் திரும்பினார். துறவியான பின்னரே திருவரங்கத்துக்கு வந்து நிலையாகத் தங்கினார். எதிராசர், உடையவர் என்னும் பெயர்கள் அவருக்கு வழங்கலாயின.

கோபுரத்தின்மேல் ஒரு குரல்

இராமானுசர் ஓர் ஆசிரியரிடம் மட்டும் கற்று நிறைவடையவில்லை. ஆளவந்தாரின் மாணவர் ஐவரிடம் அவரவர் அறிந்ததைக் கேட்டுத் தெளிந்தார். அவர்களுள் ஒருவர், இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் உள்ள திருக்கோட்டியூரில் வாழ்ந்த நம்பி. திருமந்திரத்தின் உட்பொருளை அறிந்தவர் அவர். அதைப் பெறத் திருவரங்கத்திலிருந்து திருக்கோட்டியூர்வரை இராமானுசர் பதினெட்டு முறை நடந்தார். பதினேழு முறையும் வெறுங்கையோடு திரும்பினார். பதினெட்டாம் முறை நம்பி மனமிரங்கி, அப்பொருளை உரைத்தார். ஆனால் ஒரு கட்டளையும் இட்டார். தகுதியை ஆராயாமல் பிறருக்குச் சொல்லக்கூடாது. மீறினால் நரகமே வாய்க்கும் என்பது அக்கட்டளை.

அக்காலக் கல்விமுறையில் இக்கட்டளை புதிதன்று. உயர்ந்த பொருள் தகுதியற்றவரிடம் சேர்ந்தால் அதன் மதிப்புக் குறையும் என்று ஆசிரியர்கள் அஞ்சினர். தகுதி என்பது பல வேளைகளில் பிறப்பைக் குறித்ததும் உண்டு. இராமானுசர் முன் இப்போது இரண்டு வழிகள் இருந்தன. கட்டளையைக் காத்தால் தாம் உய்யலாம். மீறினால் பலர் உய்யலாம். தமக்கு மட்டும் நரகம்.

அவர் நெடுநேரம் எண்ணவில்லை. திருக்கோட்டியூர்க் கோயிலின் உயர்ந்த இடத்தில் ஏறி நின்று, ஆர்வத்தோடு கூடிய மக்கள் அனைவரும் கேட்க அப்பொருளை அறிவித்தார். செய்தியறிந்து சினத்தோடு வந்த நம்பியிடம் அவர் வாதாடவில்லை. தவற்றை மறைக்கவும் இல்லை. தமக்குரிய தண்டனை நரகம் என்பதை ஒப்புக்கொண்டார். எண்ணற்ற மக்கள் நற்பேறு பெறுவார்களாயின், தாம் ஒருவர் துன்புறுவது தமக்கு மகிழ்ச்சியே என்று பணிவோடு தெரிவித்தார். நம்பியின் சினம் வியப்பாக மாறியது. தமக்குத் தோன்றாத பெருங்கருணை மாணவருக்குத் தோன்றியதைக் கண்டு, இறைவனுக்குரிய எம்பெருமானார் என்னும் பெயரால் அவரை அழைத்துத் தழுவிக்கொண்டார்.

இந்நிகழ்ச்சியில் நுட்பமான ஓர் உண்மை அடங்கியுள்ளது. இராமானுசர் நரகத்தை நம்பாதவராக இருந்திருந்தால் இச்செயலில் துணிவு ஏதுமில்லை. அவர் அதை முழுமையாக நம்பினார். நம்பியபோதும் பிறருக்காக அதை ஏற்கத் துணிந்தார். அவருடைய இறைநம்பிக்கையின் ஆழத்தையும் மனிதநேயத்தின் ஆழத்தையும் ஒருங்கே அளந்து காட்டுவது அந்த ஒரு செயலே.

தெரிந்து தெளிவோம்

இராமானுசரின் வாழ்க்கை நிகழ்ச்சிகளை நாம் அறிய உதவுபவை குருபரம்பரை நூல்கள். பின்பழகிய பெருமாள் சீயர் இயற்றிய ஆறாயிரப்படி குருபரம்பராப் பிரபாவம் அவற்றுள் குறிப்பிடத்தக்கது. திருவரங்கக் கோயிலின் நிருவாக வரலாற்றைக் கோயிலொழுகு என்னும் நூல் கூறுகிறது. இராமானுசர் காலத்திலேயே வாழ்ந்த திருவரங்கத்து அமுதனார் அவரைப் போற்றி 108 பாடல்களால் இராமானுச நூற்றந்தாதியைப் பாடினார்.

கோயில் என்னும் குடும்பம்

திருவரங்கக் கோயிலின் பொறுப்பை ஏற்ற இராமானுசர், வழிபாட்டைப்போலவே நிருவாகத்திலும் கருத்துச் செலுத்தினார். கோயிற்பணியாளரைப் பத்துக் கொத்துகளாக வகுத்து, ஒவ்வொரு கொத்துக்கும் உரிய பணியையும் மதிப்பையும் வரையறை செய்தார் என்று கோயிலொழுகு கூறுகிறது. அந்தணர் அல்லாதோர்க்கும் கோயிற்பணிகளில் இடம் அமைந்தது. ஆழ்வார்களின் தமிழ்ப்பாடல்கள் வழிபாட்டில் நிலைபெற்றன. சீடர் திருக்குருகைப்பிரான் பிள்ளானைக் கொண்டு திருவாய்மொழிக்கு உரை எழுதச்செய்தார். ஆளவந்தாரின் விரல்களுள் ஒன்று மெய்யாகவே நிமிர்ந்தது.

ஒழுங்கு வரும்போது, ஒழுங்கின்மையால் பயனடைந்தோர் வருந்துவது இயல்பு. தம் செல்வாக்குக் குறைவதை விரும்பாத சிலர் அவருக்கு நஞ்சிட முயன்றனர். அவர் நாள்தோறும் வீடுகளில் பிச்சை ஏற்று உண்பவர். நஞ்சு கலந்த உணவை இடும்படி ஏவப்பட்ட பெண்மணி ஒருவர், உணவை இட்டபின் வழக்கத்துக்கு மாறாக அவர் காலில் விழுந்து வணங்கினார். அக்குறிப்பை உணர்ந்த இராமானுசர் அவ்வுணவை உண்ணவில்லை. அத்துடன், பிறர் தம்மை வெறுக்கும் அளவுக்குத் தம்மிடம் என்ன குறை உள்ளது என வருந்தி, உண்ணாநோன்பும் மேற்கொண்டார்.

செய்தி கேட்டுத் திருக்கோட்டியூர் நம்பி திருவரங்கத்துக்கு வந்தார். வெயில் கொளுத்தும் நண்பகல். ஆசிரியரைக் கண்ட இராமானுசர் காவிரியின் சுடுமணலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்கினார். எழுந்திருக்கும்படி நம்பி சொல்லவில்லை. மணல் உடலைச் சுட்டது. இதைப் பொறுக்காத கிடாம்பி ஆச்சான் என்னும் சீடர், ஆசிரியரையும் கடிந்துகொண்டு, இராமானுசரை வாரி எடுத்துத் தம் மார்பில் தாங்கினார். நம்பி காத்திருந்தது அதற்காகவே. இராமானுசரின் உடல்மீது உண்மையான பரிவு உடையவர் எவர் என்பதை அறிந்து, இனி அவருக்கு உணவு சமைக்கும் பொறுப்பைக் கிடாம்பி ஆச்சானிடமே ஒப்படைத்தார். தலைமைப் பொறுப்பில் இருப்பவருக்கும் அன்பு செலுத்தும் ஒரு துணை வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

உறையூரிலிருந்து வந்தவர்

உறையூரில் வாழ்ந்த உறங்காவில்லி என்பவர் மற்போரில் வல்லவர். சோழ அரசரின் பணியில் இருந்தவர். தம் மனைவி பொன்னாச்சியாரின் கண்ணழகில் மயங்கியவர். திருவரங்கத்தில் திருவிழா நடந்தபோது, மனைவியின் கண்களில் வெயில் படாதவாறு குடை பிடித்துக்கொண்டு, கூட்டம் சிரிப்பதையும் பொருட்படுத்தாமல் அவர் நடந்துவந்தார். மற்றவர் நகைத்தபோது இராமானுசர் நகைக்கவில்லை. அத்தனை பெரிய அன்பு ஒரு மனிதனிடம் இருப்பதை அவர் மதித்தார். அவரை அழைத்துப் பேசி, அதனினும் அழகிய கண்களைக் காட்டுவதாகக் கூறி, அரங்கன் திருமுன் நிறுத்தினார். கணவனும் மனைவியும் திருவரங்கத்திலேயே குடியேறி, இராமானுசரின் சீடர்களாயினர்.

நாள்தோறும் காவிரிக்கு நீராடச் செல்லும்போது முதலியாண்டானின் கையைப் பற்றிச் செல்லும் இராமானுசர், நீராடித் திரும்பும்போது உறங்காவில்லியின் கையைப் பற்றி வருவார். நீராடியபின் பிற குலத்தவரைத் தொடக்கூடாது என்று கருதிய சீடர் சிலருக்கு இது உறுத்தலாயிற்று. இராமானுசர் அவர்களுக்கு அறிவுரை கூறவில்லை. ஒரு சோதனை வைத்தார்.

ஓரிரவு அச்சீடர்கள் உலர்த்தியிருந்த ஆடைகளைச் சிறிது கிழித்துவைக்கச் செய்தார். விடிந்ததும் அவர்கள் ஒருவரையொருவர் ஐயுற்றுக் கடுஞ்சொற்களால் பூசலிட்டனர். மற்றோர் இரவு, உறங்காவில்லியைத் தம்மோடு உரையாடவைத்துவிட்டு, அவர் வீட்டில் உறங்கும் பொன்னாச்சியாரின் நகைகளைக் கழற்றிவருமாறு அதே சீடர்களை அனுப்பினார். அம்மையார் உறங்கவில்லை. வறுமையால் வந்தவர்கள் போலும் என எண்ணி அசையாமல் கிடந்தார். ஒரு பக்கத்து நகைகளைக் கழற்றியதும், மறுபக்கத்தையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று புரண்டு படுத்தார். விழித்துக்கொண்டார் என அஞ்சி வந்தவர்கள் ஓடினர். வீடு திரும்பிய உறங்காவில்லி, நகை போனதற்கு வருந்தவில்லை. புரண்டு படுத்து அவர்களை அச்சுறுத்திவிட்டதற்காக மனைவியிடம் வருந்தினார்.

ஒளிந்திருந்து இதைக் கேட்ட சீடர்கள் தலைகுனிந்தனர். ஒரு முழத் துணிக்காக அமைதியை இழந்தவர் யார், பொன் முழுவதும் போனபோதும் அமைதி இழக்காதவர் யார் என்பதை அவர்களுக்கு எவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. நூலறிவோ பிறப்போ தராத மகிழ்ச்சி ஒன்று உண்டு என்பதை உறையூர்த் தம்பதியர் வாழ்ந்து காட்டினர்.

இதே திருவரங்கத்தில் பெரிய நம்பியும் ஓர் எல்லையைக் கடந்தார். ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த மாறனேரி நம்பி, ஆளவந்தாரின் சீடர்களுள் ஒருவர். அவர் மறைந்தபோது பெரிய நம்பி தாமே அவருக்கு இறுதிக்கடன் செய்தார். ஊரார் பெரிய நம்பியை விலக்கிவைத்தனர். பறவையாகிய சடாயுவுக்கு இராமன் செய்த கடனைத் தாம் ஓர் அடியாருக்குச் செய்தது எவ்வாறு தவறாகும் என்பதே அவருடைய நிலைப்பாடாக இருந்தது. இராமானுசர் தம் ஆசிரியரின் பக்கமே நின்றார்.

கண்ணை இழந்தவரின் வேண்டுதல்

இராமானுசரின் வாழ்வில் பெருந்துயரமும் நேர்ந்தது. சமயப் பொறை அற்ற சோழ மன்னர் ஒருவர், தம் சமயமே உயர்ந்தது என்று எழுதிக் கையொப்பமிடுமாறு இராமானுசருக்கு ஆள் அனுப்பினார். அவருக்குத் தீங்கு நேரும் என அஞ்சிய சீடர் கூரத்தாழ்வான், ஆசிரியரின் காவியாடையைத் தாம் உடுத்திக்கொண்டு, முதியவரான பெரிய நம்பியுடன் அரசவைக்குச் சென்றார். கையொப்பமிட மறுத்த இருவரும் கண்களை இழந்தனர். திரும்பும் வழியிலேயே பெரிய நம்பி உயிர் துறந்தார்.

வெள்ளாடை உடுத்துத் திருவரங்கத்தை விட்டு வெளியேறிய இராமானுசர், இன்றைய கருநாடகப் பகுதியில் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். போசள மன்னர் விட்டுணுவர்த்தனரின் ஆதரவு அவருக்குக் கிட்டியது. மேல்கோட்டையில் திருநாராயணப் பெருமாள் கோயிலைச் சீர்ப்படுத்தினார். அப்பணியில் அவருக்குத் துணைநின்ற ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் திருக்குலத்தார் என்னும் பெயரைச் சூட்டி, திருவிழாக் காலத்தில் கோயிலுக்குள் வந்து வழிபடும் உரிமையை வழங்கினார். ஆண்டில் சில நாள்களுக்கு மட்டுமே உரிய உரிமையாக அது அமைந்தது என்பதையும் மறத்தலாகாது. எல்லார்க்கும் எந்நாளும் கோயிற்கதவு திறக்கத் தமிழகம் இருபதாம் நூற்றாண்டுவரை காத்திருக்கவேண்டியிருந்தது. எனினும் ஆலய நுழைவு என்னும் எண்ணமே அரிதாயிருந்த காலத்தில் இடப்பட்ட முதல் அடிகளுள் அதுவும் ஒன்று.

மன்னர் மறைந்தபின் இராமானுசர் திருவரங்கம் திரும்பினார். பார்வையிழந்த கூரத்தாழ்வானைக் கண்டு கலங்கினார். காஞ்சி வரதராசரிடம் பார்வையை வேண்டுமாறு அவரைப் பணித்தார். கூரத்தாழ்வான் அங்குச் சென்று பாடினார். வேண்டும் வரம் யாது என்னும் நிலை வந்தபோது, தம் கண்களை அவர் கேட்கவில்லை. தம்மைக் காட்டிக்கொடுத்துத் தம் கண்கள் போகக் காரணமாயிருந்த நாலூரான் என்பவருக்கும், தமக்குக் கிடைக்கும் நற்பேறு கிடைக்கவேண்டும் என்றே வேண்டினார். இதைக் கேட்ட இராமானுசர் தம் மேலாடையை மேலே வீசி மகிழ்ந்து ஆடினார் என்பர். பகைவனுக்கும் கிடைக்கும் அருள் தமக்கும் கிடைப்பது உறுதி என்பதே அம்மகிழ்ச்சிக்குக் காரணம். திருக்கோட்டியூரில் தாம் செய்ததைத் தம் மாணவர் அதைவிடக் கடினமான சூழலில் செய்தார் என்பதைக் கண்ட ஆசிரியரின் நிறைவும் அதில் கலந்திருந்தது எனலாம்.

இன்பம் என்பது யாது?

இராமானுசர் வடமொழியில் ஒன்பது நூல்களை இயற்றினார். அவற்றுள் தலைமையானது பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய சிறீபாடியம். அவருடைய கொள்கை விசிட்டாத்துவைதம் எனப்படும். உலகம் பொய்த்தோற்றம் அன்று. உயிர்களும் உலகமும் இறைவனுக்கு உடலாக அமைந்துள்ளன. உடலுக்குள் உயிர்போல இறைவன் அவற்றுள் உறைகிறான் என்பது அதன் சாரம். இக்கொள்கையை ஏற்பவருக்கு எந்த உயிரும் அயலானதன்று.

வேதார்த்த சங்கிரகம் என்னும் நூலின் இறுதிப் பகுதியில் அவர் முதன்மையான ஒரு மறுப்பை எடுத்துக்கொள்கிறார். பிறருக்கு ஆட்பட்டிருப்பது துன்பம்; தன்விருப்பப்படி இருப்பதே இன்பம்; அவ்வாறிருக்க, தொண்டு எவ்வாறு இன்பமாகும் என்பது அம்மறுப்பு. அதற்கு அவர் தரும் விடை சிந்திக்கத்தக்கது. ஒருவர் தம்மை எதுவாகக் கருதுகிறாரோ அதற்கேற்பவே அவருக்கு இன்பம் அமைகிறது. உடலே தான் என்று எண்ணுபவருக்கு உடலுக்கு இனியவை மட்டுமே இன்பம். பொருள்களில் நிலையான இன்பமும் இல்லை. நிலையான துன்பமும் இல்லை. ஒருவருக்கு இனிப்பது மற்றவருக்குக் கசக்கிறது. ஒருவருக்கே ஒருபொழுது இனித்தது மறுபொழுது கசக்கிறது. தன் இயல்பு இறைவனுக்குரியதாய் இருத்தல் என்று உணர்ந்தவருக்குத் தொண்டு ஒரு சுமையாவதில்லை. அதுவே அவருடைய இயல்பின் மலர்ச்சி ஆகிறது.

இங்கே தொண்டு என்பது இன்பத்தை வாங்கக் கொடுக்கும் விலையன்று. தொண்டு செய்யும் அந்நிலையே இன்பம். சுடுமணலில் கிடந்த ஆசிரியரை வாரியெடுத்த கிடாம்பி ஆச்சானும், நகையைக் கழற்ற வந்தவர்களுக்காகப் புரண்டு படுத்த பொன்னாச்சியாரும் இந்நூலின் வாதங்களைக் கொண்டு அவற்றைச் செய்யவில்லை. ஆனால் நூல் சொல்லும் மகிழ்ச்சி அவர்களிடம் இருந்தது. கருத்தாகச் சொன்னதைத் தம்மைச் சூழ்ந்தோரின் வாழ்வாகவும் கண்டதே இராமானுசர் பெற்ற பேறு.

நிறைவு

இராமானுசர் 120 ஆண்டுகள் வாழ்ந்து, 1137இல் திருவரங்கத்தில் மறைந்தார் என்பது மரபு. திருவரங்கக் கோயில் வளாகத்துக்குள் அமர்ந்த நிலையில் உள்ள அவருடைய திருமேனியைத் தானான திருமேனி என்று அடியவர்கள் போற்றுகின்றனர். 2017ஆம் ஆண்டில் அவருடைய ஆயிரமாவது பிறந்த ஆண்டு கொண்டாடப்பட்டது. இறைமறுப்புக் கொள்கை உடைய கலைஞர் மு. கருணாநிதி அவருடைய வரலாற்றைத் தொலைக்காட்சித் தொடராக எழுதினார். கொள்கை வேறுபட்டோரும் மதிக்கும் ஏதோ ஒன்று அவ்வாழ்க்கையில் இருக்கிறது.

அது என்ன என்பதை அறியத் திருக்கோட்டியூர்க் கோயிலை நினைத்துக்கொண்டாலே போதும். பதினெட்டு முறை நடந்து பெற்ற செல்வத்தை அவர் ஒரு பகல்கூடத் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. கொடுத்தபின் தம்மிடம் அது குறையவும் இல்லை. உறையூரிலிருந்து காவிரியைக் கடந்து வந்தவரின் கையைப் பற்றிக்கொண்டு, ஈர ஆடையோடு கோயிலை நோக்கி நடந்த அம்முதியவரின் முகத்தில் திருவரங்கத்தார் நாள்தோறும் கண்டது அந்த மகிழ்ச்சியையே.

கற்பவை கற்றபின்

1. கட்டளையைக் காத்தல், பிறர் நலம் காத்தல் ஆகிய இரண்டுக்கும் இடையே முரண் நேரும்போது எதைத் தேர்வது? திருக்கோட்டியூர் நிகழ்ச்சியை முன்வைத்து வகுப்பில் கலந்துரையாடுக.
2. பொன்னாச்சியார், கிடாம்பி ஆச்சான், கூரத்தாழ்வான் ஆகியோருள் உங்களைக் கவர்ந்த ஒருவரைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக.
3. உங்கள் ஊரில் தம் நம்பிக்கையின் வழியே பிறருக்கு உதவிய ஒருவரைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டறிந்து வகுப்பில் பகிர்க.